மதிலும் மதகும்

சத்திமுத்தப் புலவர் வடதிசை செல்லும் செங்கால் நாரையைத் தம் மனையாளிடம் தூது விடுத்த செய்தியைத் தமிழ் பயின்றோர் அனைவரும் அறிவர். அப்பாடலை வகுப்பில் நடத்தும்பொழுது அதன் உவமை நயத்தையும் அவலச் சுவையையும் எடுத்துரைப்பது ஆசிரியர் வழக்கம். நானும் அவ்வாறே நடத்தி முடித்த ஒருநாள், இறுதி வரிசையில் அமர்ந்திருந்த மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, அந்த நாரை இப்பொழுதும் வருகின்றதா?" என்று வினவினார். வகுப்பு நகைத்தது. எனக்கு விடை தெரியவில்லை. "அது பாடத்திட்டத்தில் இல்லை" என்று கூறி அவரை அமரச் செய்துவிட்டேன்.

அன்று நான் கூறத் தவறிய விடையைத் தேடியதன் பயனே இக்கட்டுரை. அத்தேடல் என்னைத் தமிழகத்திற்கு அப்பால், இராசத்தான் மாநிலத்துப் பரத்பூர் நகரை அடுத்துள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவின் வரலாற்றிற்கு இட்டுச் சென்றது. வலசைப் பறவைகளின் புகலிடமாக உலகம் போற்றும் ஈரநிலம் அது. காத்தல் என்னும் அறச்செயல் எங்கு வெல்கின்றது, நல்லெண்ணம் இருந்தும் எங்கே பிழைபடுகின்றது என்னும் இரண்டையும் ஒருங்கே காட்டும் இடமும் அதுவே.

ஆறு வகுத்த நிலம்

ஆறு என்றவுடன் இரு கரைகளுக்கு இடையே ஓடும் நீரையே நாம் எண்ணுகின்றோம். மழைக்காலத்தில் கரைகடந்து பரவும் நிலமும் ஆற்றின் உடைமையே. வெள்ளச் சமவெளி எனப்படும் அந்நிலத்தில் ஆறு வண்டலைப் பரப்புகின்றது, மீன்குஞ்சுகளைக் கொணர்ந்து விடுகின்றது, நிலத்தடியை நனைக்கின்றது. பின்னர் நீர் மெல்ல வடிய, புல் முளைக்கின்றது. நிறைவதும் வற்றுவதும் அந்நிலத்திற்கு மூச்சை இழுத்து விடுவது போன்றவை. இரண்டில் ஒன்று நின்றாலும் உயிர் இல்லை.

கம்பீர், பாணகங்கை என்னும் இரு ஆறுகளின் வெள்ளம் பரவிய தாழ்நிலமே பரத்பூர்ப் பகுதி. மழை குறைந்த அந்நாட்டில் அவ்வாறுகள் ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும். பருவமழையின்போது மட்டும் பெருகி ஊருக்குள் புகும். 18-ஆம் நூற்றாண்டில் பரத்பூரை ஆண்ட மகாராசா சூரசுமல் காலத்தில் நகரைக் காக்கும்பொருட்டு அசான் அணைக்கரை எழுப்பப்பட்டது. அதில் தேக்கிய வெள்ளத்தை மதகுகள் வழியாகத் தாழ்நிலத்தில் விட்டதனால் அங்கு ஆண்டுதோறும் நீர் தங்கிற்று. அடர்ந்த காடு என்னும் பொருளில் மக்கள் அதனைக் 'கானா' என்றழைத்தனர். அதனுள்ளிருக்கும் சிவன் கோயிலின் பெயரால் அது கேவலாதேவ் ஆயிற்று.

ஈண்டு ஒன்றைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். 29 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்நிலம், மனிதர் கால்படாத கன்னிக்காடு அன்று. ஆறு பாதியும் மனிதர் பாதியுமாகச் சேர்ந்து ஆக்கிய நிலம் அது. சுற்றியுள்ள கிராமங்களின் எருமைகள் தலைமுறை தலைமுறையாக அதனுள் மேய்ந்தன. மக்கள் புல்லும் விறகும் கொண்டனர். அவர்களோடு பறவைகளும் வாழ்ந்தன.

மழைக்காலத்தில் நீர் நிறைந்ததும் சங்குவளை நாரை, நத்தைக்குத்தி நாரை, கரண்டிவாயன், நீர்க்காகம், பாம்புத்தாரா முதலியன அங்குள்ள கருவேல மரங்களில் ஒரே மரத்தில் பல கூடுகளாகக் கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரித்தலை வாத்துகளும் ஊசிவால் வாத்துகளும் கிளுவைகளும் வந்திறங்குகின்றன. இணைபிரியாத சாரசக் கொக்குகள் ஆண்டு முழுதும் உலவுகின்றன. 350-க்கும் மேற்பட்ட பறவையினங்கள் அங்குப் பதிவாகியுள்ளன.

வேட்டைக்களம் புகலிடமான கதை

இத்துணைப் பறவைகள் கூடும் இடத்தை அரசர்கள் முதலில் வேட்டைக்களமாகவே கண்டனர். கோயிலுக்கு அருகே ஒரு கல்வெட்டு நிற்கின்றது. நம் நாட்டுக் கல்வெட்டுகள் கொடையைக் கூறும். அக்கல்வெட்டு கொலையைக் கூறுகின்றது. எந்த நாளில், எந்த ஆங்கிலப் பிரபுவின் வருகையில், எத்தனை பறவைகள் சுடப்பட்டன என்னும் கணக்கு அதில் பொறிக்கப்பட்டுள்ளது. 1938-இல் வைசிராய் லின்லித்கோ பிரபு வந்தபொழுது ஒரே நாளில் வீழ்த்தப்பட்டவை 4,273. கடைசிப் பெருவேட்டை நடந்தது 1964-இல். மகாராசாவின் வேட்டை உரிமை 1972 வரை நீடித்தது.

துப்பாக்கி ஓய்ந்த அவ்விடம், 1981-இல் ராம்சர் ஒப்பந்தத்தின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாயிற்று. 1981-82-இல் தேசியப் பூங்காவாகவும் 1985-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாகவும் ஏற்கப்பட்டது. இம்மாற்றத்திற்குப் பாடுபட்டோருள் தலையாயவர் பறவையியல் பேரறிஞர் சாலிம் அலி.

1896-இல் மும்பையில் பிறந்த சாலிம் அலி, சிறுவயதில் தாம் சுட்டு வீழ்த்திய சிட்டுக்குருவியின் கழுத்தில் மஞ்சள் நிறத்தைக் கண்டு, இது உண்ணத்தக்கதுதானா என்னும் ஐயத்தோடு தம் மாமா அமீருத்தீன் தயாப்ஜியிடம் கொண்டுசென்றார். மாமாவுக்கும் அக்குருவியின் இனம் விளங்கவில்லை. அவர் அச்சிறுவனைப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்திற்கு அனுப்பினார். அங்குக் கண்ட பறவைத் தொகுப்பே அவர்தம் வாழ்வின் போக்கை வகுத்தது. பல்கலைக்கழகப் பட்டம் ஏதுமின்றியே அவர் உலகப் புகழ் பெற்றார். 1976-இல் பத்ம விபூஷண் விருது பெற்றார். அவர் பெயரால் 1990-இல் கோவை ஆனைகட்டியில் தோன்றிய ஆய்வு மையம் இன்றும் இயங்கி வருகின்றது. பட்டங்களைப் பெயருக்குப் பின்னால் அடுக்கிக்கொண்டு, மாணவர் வினாவைப் பாடத்திட்டத்தைக் காட்டி அடக்கிய என் போன்றோர், ஐயத்தையே கல்வியின் வாயிலாக்கிய அப்பெரியாரை எண்ணி நாணுதல் தகும்.

மதிலின் பிழை

இத்தகைய அறிஞரும் பிழைபட்ட இடம் ஒன்றுண்டு. அதனை மறைத்தல் அவருக்குச் செய்யும் சிறப்பாகாது.

எருமைகள் மேய்வதால் ஈரநிலம் சீரழிகின்றது என்று சாலிம் அலி உள்ளிட்ட வல்லுநர்கள் கருதினர். 1972-ஆம் ஆண்டின் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் தேசியப் பூங்காவினுள் கால்நடை மேய்ச்சலை அனுமதிப்பதில்லை. பூங்காவைச் சுற்றி மதில் எழுந்தது. 1982-இல் மேய்ச்சல் முற்றிலும் தடுக்கப்பட்டது. மேய்ச்சல் நிலத்திற்கு மாற்று ஏதும் தரப்படாத கிராமத்தார் கொதித்தெழுந்தனர். காவல்துறையினரின் துப்பாக்கிச் சூட்டில் சிலர் உயிரிழந்தனர். பறவைகளைச் சுட்டு வீழ்த்திய களத்தில், பறவைகளைக் காக்கும் பெயரால் மனிதர் சுடப்பட்டனர் என்பது வரலாற்றின் கொடிய முரண்.

அதன் பின்னர் நிகழ்ந்ததே நாம் ஊன்றிக் கற்க வேண்டியது. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் 1980 முதல் 1990 வரை அங்கு விரிவான ஆய்வொன்றை நடத்தியது. எருமைகள் வெளியேறியபின் நீர்ப்புல் தங்குதடையின்றி வளர்ந்து நீர்ப்பரப்பை மூடியது. திறந்த நீர் குறைந்தது. மீன்களுக்கும் வாத்துகளுக்கும் இடம் சுருங்கிற்று. எருமை, நிலத்தின் பகையாக இருக்கவில்லை. புல்லைக் கட்டுக்குள் வைத்த தோழனாகவே இருந்தது என்று அவ்வாய்வு காட்டிற்று. மேய்ச்சல் தடையை ஆதரித்த அறிஞர்கள் சார்ந்த சங்கமே, அத்தடை பயன்தரவில்லை என்னும் முடிவை வெளியிட்டது. தன் கருத்திற்கு மாறான சான்றைத் தானே தேடி வெளியிடும் நேர்மைதான் அறிவு நேர்மை. கல்விக்கூடங்களில் நாம் வளர்க்க வேண்டிய பண்பும் அதுவே.

எண்ணிறந்த கால்நடைகளை வரையறையின்றி உள்ளே விடலாமா என்று சிலர் வினவலாம். கூடாது என்பதே என் கருத்தும். அளவறிந்து, பருவமறிந்து, கிராமத்தாரோடு கலந்து பேசி வகுக்கும் ஒழுங்கு ஒருவகை. ஒரே நாளில் மதிலெழுப்பி வாயிலை அடைத்தல் பிறிதொருவகை. புல்லறுக்கும் உரிமை பின்னர்க் கிராமத்தாருக்குத் தரப்பட்டது. முன்னரே தந்திருந்தால் உயிர்கள் பலியாகியிரா.

நம் ஊர்களை விழுங்கிய சீமைக்கருவேலம் பரத்பூர்ப் பூங்காவையும் விட்டுவைக்கவில்லை. 2007 முதல் அதனை வேரோடு அகற்றும் பணியில் சுற்றுவட்டக் கிராமத்தார் ஈடுபடுத்தப்பட்டனர். வெட்டிய மரம் அவர்களுக்கே உரியதாயிற்று. பயணிகளை ஏற்றிச்செல்லும் மிதிவண்டி ரிக்சா ஓட்டுநர்கள் பறவைகளின் பெயர்களையும் இயல்புகளையும் பயின்று சிறந்த வழிகாட்டிகளாயினர். பயன் கிடைத்த கைகள் காவற்கைகளாக மாறின.

நீர் யாருக்கு?

மதிலால் நேர்ந்த கேடு ஒன்று. மதகால் நேர்ந்த கேடு அதனினும் பெரிது. பாணகங்கையின் நீர்வரத்து முன்னரே மிகக் குன்றிவிட்டது. எஞ்சிய கம்பீர் ஆற்றின்மேல், கரௌலி மாவட்டத்தில் பாஞ்சனா அணை எழுந்தது. 2004-இல் அப்பகுதி உழவர்கள், தங்கள் வயல்களுக்குரிய நீரைப் பூங்காவிற்கு விடலாகாது எனப் போராடினர், அரசு இணங்கியது. அதுவரை ஆண்டிற்கு ஏறத்தாழ 54 கோடி கன அடி நீர் பெற்றுவந்த பூங்காவிற்கு அவ்வாண்டு கிட்டியது ஏறத்தாழ 1 கோடியே 80 இலட்சம் கன அடி மட்டுமே. நாரைகள் கூடு கட்டாமல் வேற்றிடம் தேடின.

மனிதருக்கே நீர் இல்லாதபொழுது பறவைக்கு எதற்கு என்னும் கேள்வி எளிதில் எழக்கூடியது. அதனை எழுப்பும் உழவரை நான் பழிக்கமாட்டேன். காய்ந்த பயிரின்முன் நிற்பவருக்குக் கொக்கின் அழகைப் போதிப்பது அறமாகாது. எனினும் கணக்கைப் பார்த்தல் வேண்டும். 54 கோடி கன அடி என்பது அரை டி.எம்.சி.க்குச் சற்றே மிகுதி. நம் மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்பதை நினைத்தால் பூங்காவின் பங்கு எத்துணைச் சிறிது என்பது விளங்கும். மேலும், பூங்காவில் விடப்படும் நீர் வீணாவதில்லை. நிலத்தடிக்கு இறங்கிச் சுற்றியுள்ள கிணறுகளுக்கு ஊற்றாகின்றது. அணைக்கு மேலுள்ள உழவருக்கும் பறவைக்கும் இடையிலான வழக்காகவே இது பேசப்பட்டது. பூங்காவை அடுத்துள்ள உழவரும் அவ்வெள்ளத்தை நம்பியிருப்பவரே என்பது மறக்கப்பட்டது.

மாற்றாகக் கோவர்த்தன் வடிகாலிலிருந்து குழாய்வழி நீர் கொணரும் திட்டம் 2012-இல் நிறைவுற்றது. சம்பல் ஆற்றுக் குடிநீர்த் திட்டத்திலிருந்தும் ஒரு பங்கு வழங்கப்பட்டது. இவை பூங்காவின் உயிரைப் பிடித்துவைத்தன என்பதில் ஐயமில்லை. ஆயினும் குழாய்நீர் வெள்ளமாகாது. ஆற்றுவெள்ளம் தன்னோடு மீன்குஞ்சுகளைக் கொணர்கின்றது. அம்மீன்களை நம்பியே சங்குவளை நாரை கூடு கட்டுகின்றது. குழாய்நீர் தாகத்தைத் தணிக்கும், பசியைத் தணிக்காது. நோயாளிக்கு ஊசிவழி ஏற்றும் நீரை விருந்து என்று யாரும் கூறுவதில்லை.

திரும்பாத விருந்தினர்

பரத்பூருக்கு உலகப் புகழ் தேடித் தந்த பறவை சைபீரியக் கொக்கு. தூய வெண்ணிறமும் செந்நிற முகமும் உடைய அது, மேற்குச் சைபீரியாவின் ஓப் ஆற்றுப் படுகையில் குஞ்சு பொரித்து, ஆப்கானித்தானத்தையும் பாகித்தானத்தையும் கடந்து, ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழியைப் பறந்து பரத்பூரை அடைந்தது. அங்குச் சேற்றைக் கிளறிக் கோரைக்கிழங்குகளை உண்டு குளிர்காலத்தைக் கழித்தது. ஓர் ஆற்றின் வெள்ளச் சமவெளியில் பிறந்து மற்றோர் ஆற்றின் வெள்ளச் சமவெளியை நாடி வந்த உயிர் அது.

1964-65 குளிர்காலத்தில் ஏறத்தாழ 200 கொக்குகள் அங்கு எண்ணப்பட்டன. ஆண்டுக்கு ஆண்டு அத்தொகை தேய்ந்தது. கூண்டில் வளர்த்த குஞ்சுகளைக் கொணர்ந்து அவற்றோடு சேர்க்க 1990-களில் செய்த முயற்சிகள் பயன்தரவில்லை. 2001-02 குளிர்காலத்தில் ஓர் இணை மட்டும் வந்தது. 2002-க்குப் பின்னர் அவ்வினம் பரத்பூரில் காணப்படவில்லை. வலசை வழியில் நிகழ்ந்த வேட்டையே இதற்குப் பெருங்காரணமாகக் கூறப்படுகின்றது. பழி முழுவதையும் பரத்பூர்மேல் சுமத்துதல் பொருந்தாது. ஆனால் ஓர் உண்மை நெஞ்சைச் சுடுகின்றது. வலசை வழி என்பது பறவை தன் பெற்றோரோடு பறந்து கற்பது. கற்பிக்கும் தலைமுறை அழிந்தால் வழியும் அழிகின்றது. இன்று பூங்காவில் நீர் நிறைந்தாலும் அந்த வழியை அறிந்த கொக்கு இல்லை. ஒரு மொழியின் கடைசிப் பேச்சாளர் மறைந்தபின் அம்மொழிக்கு நூலகம் கட்டுவதால் யாது பயன்?

அருகிருக்கும் பாடம்

மக்களைச் சேர்த்துக் காத்தல் வெறுங்கனவு என்று எண்ணுவோர் நம் வேடந்தாங்கலைக் காண்க. பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை உணர்ந்த அவ்வூரார், சட்டம் தோன்றுவதற்கு நெடுநாள் முன்னரே பறவைகளைக் காத்து வந்தனர். வெள்ளைச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபொழுது ஊரார் முறையிட்டு, 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆட்சியர் லயனல் பிளேசிடமிருந்து பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் பெற்றனர். ஊரும் ஏரியும் பறவையும் ஒன்றுக்கொன்று கடன்பட்டிருந்தமையே அங்கு மதிலாக நின்றது.

எனவே என் கருத்தைச் சுருங்கக் கூறுவேன். வெள்ளச் சமவெளியைக் காப்பதற்கு இரண்டு இன்றியமையாதவை. ஒன்று, ஆற்றுக்குரிய வெள்ளம். அணை கட்டும்பொழுதே, கீழுள்ள ஈரநிலத்தின் பங்கை நன்கொடையாகக் கருதாமல், சட்டம் உறுதி செய்யும் உரிமையாக வகுத்தல் வேண்டும். ஆண்டுதோறும் கெஞ்சிப் பெறும் நீர், அரசியல் காற்று மாறியவுடன் நின்றுவிடும். மற்றொன்று, அந்நிலத்தை அடுத்து வாழும் மக்களின் பங்கு. எருமை மேய்ப்பவரை நீக்கிவிட்டு எருமை மேய்ந்த நிலத்தைக் காக்கவியலாது. இவ்விரண்டும் இன்றி எழுப்பும் மதில், வறண்ட நிலத்தைச் சுற்றிய வெறுஞ்சுவராகவே எஞ்சும்.

நம் முன் நிற்கும் கடமை

பரத்பூரைப் பற்றித் தீர்ப்புரைத்தல் நமக்கு எளிது. நம் ஊர் ஏரிப்புறம்போக்கில் மனைப்பிரிவு போட்டபொழுது குறைந்த விலை என்று மகிழ்ந்து வாங்கியவர்கள் நாம். ஓடையைத் தூர்த்து வீடெழுப்பி, மழைக்காலத்தில் கூடத்தில் நீர் புகுந்ததும் 'வெள்ளம் வந்துவிட்டது' என்று முறையிடுவோரும் நாமே. வெள்ளம் வந்ததன்று, தன் இடத்திற்குத் திரும்பிற்று. தாழ்நிலத்தைப் பாழ்நிலம் என்றெண்ணும் மனப்போக்கு மாறாதவரை, பரத்பூரின் உழவரைச் சுட்டும் விரல் நம்மையே சுட்டும். ஊர்ப் பெரியவர்கள் நிலம் வாங்கும்பொழுதும் பொதுக்கட்டடங்களுக்கு இடம் தேரும்பொழுதும் இதனை ஒருகணம் எண்ணிப்பார்க்க வேண்டுகின்றேன்.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு வேண்டுகோள். உம் ஊர் நீர்நிலைக்கு ஐப்பசி முதல் மாசி வரை வாரம் ஒருமுறை செல்லுங்கள். அங்கிறங்கும் பறவைகளின் தமிழ்ப் பெயர்களை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். எந்த மதகு திறந்துள்ளது, எது அடைபட்டுள்ளது என்பதையும் குறித்து வாருங்கள். இதற்குப் பட்டம் வேண்டா. சாலிம் அலிக்கும் அது தேவைப்படவில்லை.

அன்று வினா எழுப்பிய மாணவர் இப்பொழுது எங்கிருக்கின்றார் என்று அறியேன். இம்மலர் அவர் கைக்கு எட்டினால் இதுவே என் விடை: தம்பி, புலவர் பாடிய செங்கால் நாரை இன்றும் குளிர்காலத்தில் இந்தியாவுக்கு வருகின்றது. பரத்பூருக்கு வந்த சைபீரியக் கொக்கு வருவதில்லை. நீ கேட்ட கேள்வியை உன் மகனும் தன் ஆசிரியரிடம் கேட்பான். அன்று அந்த ஆசிரியர் கூறப்போகும் விடை, இன்று நாம் திறந்துவிடும் மதகுகளில் இருக்கின்றது.